சிங்கெலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொஞ்ச காலமாக நான் நண்பர்களுக்கு அனுப்பும் பாட்டெல்லாம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே வருகிறது. அனுப்பிய பத்து நிமிடத்தில் ஒரு கேள்வி திரும்பி வரும். ஆளாளுக்குத் தனித்தனியாகத் தட்டச்சு செய்து விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாம் இங்கே.

நீங்கள் அனுப்பிய பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறதே. என் போனில் கோளாறா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் முறை கேட்டபோது நானும் செட்டிங்கைத் திறந்து வேகத்தைச் சரிபார்த்தேன். பாட்டே அப்படித்தான்.

சரி, இது என்ன இசை?

சிங்கெலி. தான்சானியாவின் பெரிய நகரமான தார் எஸ் சலாமில், 2000-களின் நடுவில் உருவெடுத்த நடன இசை. கணினியில் செய்த தாளப் பின்னணி (இதைத்தான் பீட் என்பார்கள்), அதன் மேல் மூச்சு விடாமல் சுவாஹிலி மொழியில் வரிகளைப் பொழியும் ஒரு எம்சி, அதாவது மைக் பிடிப்பவர். வேகம் நிமிடத்துக்கு 200 பீட்டிலிருந்து (இங்கே தாளத்தின் ஒரு தட்டு) 300 வரை. ஒப்பிட்டுப் பார்க்க: கிளப்புகளில் ஓடும் ஹவுஸ் இசை 120-ஐ ஒட்டி நிற்கும். வேகத்துக்குப் பேர்போன டிரம் அண்ட் பேஸ் 170 சொச்சம். 300 என்றால் ஒரு நொடிக்கு ஐந்து பீட். கையால் தாளம் போட்டுப் பாருங்கள், அரை நிமிடம் தாங்காது.

இது எங்கிருந்து முளைத்தது? திடீரென்று வானத்திலிருந்து விழுந்ததா?

இல்லை. இதற்குத் தாத்தா, பாட்டி எல்லாம் உண்டு.

ஒரு பக்கம் ம்ச்சிரிகு. தார் எஸ் சலாம் பகுதியின் சராமோ மக்களுடைய தாளங்களை எடுத்து, பழைய சின்ன காசியோ கீபோர்டு ஒன்றை மட்டமான ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, கரகரவென்று வாசித்த தெரு இசை. 1990-களில் இதில் பெயரெடுத்த குழு ஜாக்வா மியூசிக். கரகரப்பை அவர்கள் குறையாக நினைத்ததே இல்லை. அந்தச் சத்தம்தான் கூட்டத்தை இழுத்தது.

இன்னொரு பக்கம் தாராப். இது சான்சிபார் தீவின் இசை. அரபு, எகிப்திய வாத்தியக் குழுக்களின் சாயலும் இந்தியச் சினிமாப் பாட்டின் சாயலும் கலந்தது. நமக்கும் இதற்கும் பழைய உறவு ஒன்று உண்டு. சான்சிபாரின் புகழ்பெற்ற தாராப் பாடகி சிட்டி பிந்தி சாத், 1928-ல் பம்பாய்க்கு வந்துதான் எச்எம்வி இசைத்தட்டுக்குப் பாடினார். இன்றைய சிங்கெலி பீட்டுக்குள் வெட்டி ஒட்டப்படும் துணுக்குகளில் நிறைய தாராப் பாட்டிலிருந்து வருபவை. வேகம் கூட்டியதில் வயலின் கொசுவாகவும் பாடகி சின்னப் பிள்ளையாகவும் மாறியிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை வேகம்?

ஆட வந்தவர்கள் கேட்டதால். மன்சேசே, தண்டாலே, ம்புராஹாட்டி போன்ற நெருக்கமான, வசதி குறைந்த குடியிருப்புகளில் கல்யாணம் போன்ற விசேஷங்களுக்குத் தெருவை மறித்து ஸ்பீக்கர் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். அதற்குப் பெயர் கிகொடோரோ. கொடோரோ என்றால் சுவாஹிலியில் மெத்தை. பெயர்க் காரணத்துக்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. இரவு மூன்று மணிக்குக் கூட்டம் சோர்ந்தால் பீட் செய்பவர் என்ன செய்வார்? வேகத்தைக் கூட்டுவார். அடுத்த வாரம் பக்கத்துத் தெருக்காரர் அதைவிடக் கூட்டுவார். இப்படிப் போட்டி போட்டு ஏறிய மீட்டர் இது என்பது என் கணக்கு.

சென்னையின் கானாப் பாட்டோ சாவு மேளமோ கேட்டு வளர்ந்தவருக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடும். வாத்தியத்தைத் தெருதான் முறுக்கேற்றுகிறது.

எதைக் கொண்டு செய்கிறார்கள்? பெரிய ஸ்டூடியோ வேண்டுமா?

ஒரு பழைய கணினி, எஃப்எல் ஸ்டூடியோ, வர்ச்சுவல் டிஜே, ஒரு மைக். பெரும்பாலும் இவ்வளவே. எஃப்எல் ஸ்டூடியோ 1990-களின் இறுதியில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் வந்த பெல்ஜிய சாஃப்ட்வேர். கட்டம் கட்டமாக இருக்கும் திரையில் எங்கே டிரம் அடிக்க வேண்டுமோ அந்தக் கட்டத்தைத் தொட்டால் போதும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து கோம் இசைக்கும் அதே சாஃப்ட்வேர்தான் அடித்தளம். நோட்டேஷன் தெரியாத ஒரு பையன் ஒரே நாளில் பீட் போட்டுவிட முடிகிற கருவி அது.

வர்ச்சுவல் டிஜே, டிஜேக்கள் பாட்டு மாற்றிப் போடுவதற்காக வந்த சாஃப்ட்வேர். அதைத் தார் எஸ் சலாம் பையன்கள் வாத்தியமாக்கிவிட்டார்கள். ஒரு பாட்டின் இரண்டு நொடித் துண்டைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்குவது, வேகத்தை இழுத்துவிடுவது, அது ஓடும்போதே வேறொரு துண்டை அதன் மேல் எறிவது. பொதுவாக வேகம் கூடினாலும் சுருதி மாறாமல் காப்பாற்ற சாஃப்ட்வேரில் வசதி உண்டு. இவர்கள் பல நேரம் சுருதியையும் சேர்த்தே மேலே ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் கீச்சுக் குரல் அப்படித்தான் வருகிறது.

இங்கே ஒரு வார்த்தைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். இந்த உலகில் புரொட்யூசர் என்றால் பீட்டைச் செய்பவர். நம் ஊர்ப் பழக்கத்தில் ‘தயாரிப்பாளர்’ என்று மொழிபெயர்த்தால் பணம் போடுபவர் என்று ஆகிவிடுகிறது. இவர்கள் கையில் இருக்காத ஒன்று அதுதான். அதனால் புரொட்யூசர் என்றே எழுதுகிறேன்.

எம்சி என்னதான் சொல்கிறார்? சுவாஹிலி தெரியாமல் கேட்டு என்ன பயன்?

வீட்டு வாடகை, காசில்லாத காதல், பக்கத்து வீட்டு வம்பு, போதையில் சீரழிந்த நண்பன், ‘என்னைவிட வேகமாகச் சொல்ல எவன் இருக்கிறான்’ என்ற சவடால். ஜே மிட்டா என்ற புரொட்யூசரின் 2018 ஆல்பத்துக்குப் பெயரே ‘தத்திசோ பெசா’. பிரச்சினை பணம்தான் என்று பொருள்.

மொழி தெரிந்தால் இரட்டை ருசி, மறுக்கவில்லை. ஆனால் எம்சியின் நாக்கே இங்கே ஒரு தாள வாத்தியம். கொன்னக்கோல் கேட்கும்போது தகதிமிக்கு அர்த்தம் தேடுகிறோமா?

முக்கியமான ஆட்கள் யார் யார்?

இரண்டு வட்டங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

தான்சானியாவின் சாதாரண ரசிகர்களிடம் சிங்கெலி என்றால் ம்சாகா சுமு, மேன் ஃபோங்கோ போன்ற பாடகர்கள் நினைவுக்கு வருவார்கள். உள்ளூர் வானொலி, டிவி நட்சத்திரங்கள். இவர்களுடைய பாட்டில் பல்லவி இருக்கும், வேகமும் கொஞ்சம் மட்டுப்படும்.

வெளிநாட்டு ரசிகர்களிடம் போய்ச் சேர்ந்தது வேறு ஒரு கூட்டம். அதன் மையம் ம்புராஹாட்டியில் இருக்கும் சிஸ்ஸோ ஸ்டூடியோ. சிஸ்ஸோ என்ற புரொட்யூசர் நடத்துவது. ஜே மிட்டா, பம்பா பானா, எம்சி மக்காவேலி எல்லாரும் அந்த வட்டத்தில் வந்தவர்கள். இன்னொரு முனையில் டியூக், அவருடைய பமோஜா ரெக்கார்ட்ஸ். டியூக்கின் ‘உயிங்கிசாஜி ஹேவா’ 2019-ல் வந்தது. சிங்கெலிக்குள் இருந்த மெட்டு எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு எலும்பை மட்டும் வைத்த மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான், முதல் நாளிலேயே யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அடுத்த தலைமுறையில் டிஜே ட்ராவெல்லா. 2022-ல் ‘மிஸ்டர் மிக்சொண்டோ’ வெளியானபோது இருபதைத் தொட்டும் தொடாத வயது. வீடியோ கேம் ஒலி, பாப் பாட்டுத் துண்டு, ஏர் ஹாரன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே அள்ளிப் போட்டிருக்கிறார். அதில் ஒரு குழந்தைத்தனமான குஷி இருக்கிறது. சில இடங்களில் சலிக்கவும் செய்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் சிஸ்ஸோவும் கீபோர்டு வாசிக்கும் மைக்கோவும் சேர்ந்து 2024-ல் வெளியிட்ட ‘சிங்கெலி யா மஆஜபு’. வெட்டி ஒட்டிய துண்டுகளுக்கு நடுவில் மனிதக் கை வாசிக்கும் கீபோர்டு கேட்பதால், பழைய ம்ச்சிரிகுவின் காசியோ திரும்பி வந்ததுபோல் இருக்கும்.

தார் எஸ் சலாமின் தெரு இசை உலகத்துக்கு எப்படித் தெரிந்தது?

உகாண்டாவின் கம்பாலாவில் இருக்கும் நியேகே நியேகே டேப்ஸ் என்ற சின்ன லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வழியாக. பெல்ஜியத்தைச் சேர்ந்த டெரெக் டெப்ரூ, கிரேக்க-ஆர்மீனியப் பின்னணி கொண்ட ஆர்லன் டில்சிசியன் என்ற இருவர் முதலில் கம்பாலாவில் பார்ட்டிகள் நடத்தினார்கள். 2015-ல் ஜின்ஜா அருகே நைல் கரையில் நியேகே நியேகே விழா தொடங்கியது. அடுத்த ஆண்டு லேபிள். 2017-ல் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் எலெக்ட்ரானிக் இசை பற்றி எழுதுபவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டது அப்போதுதான். 2018-ல் பம்பா பானாவும் மக்காவேலியும் அங்கே மேடையேறினார்கள்.

லேபிளுக்கு ஹகுனா குலாலா என்று ஒரு தம்பி லேபிளும் உண்டு. சுவாஹிலியில் ‘தூக்கம் கிடையாது’. புதிய கிளப் இசைக்கானது, பொருத்தமான பெயர்.

‘நியேகே நியேகே’ என்பது கெட்ட வார்த்தையாமே?

எந்த மொழியில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உகாண்டாவின் லுகாண்டா மொழியில் ‘ஆடியே தீர வேண்டும் என்ற அடங்காத துடிப்பு’ என்று விழாக்காரர்கள் சொல்கிறார்கள். சுவாஹிலியில் அது காம இச்சை. இந்த இரண்டாவது அர்த்தம் அவர்களைப் பாடாய்ப் படுத்திவிட்டது. 2018-ல் உகாண்டாவின் ஒழுக்கநெறித் துறை அமைச்சர் சைமன் லொகோடோ, விழா நெருங்கிய நேரத்தில் தடை போட்டார். பெரிய கூச்சல் எழுந்து, தடை விலகி, விழா நடந்தது. 2022-ல் நாடாளுமன்றமே நிறுத்தச் சொன்னது. பிறகு அரசு நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தது. இரண்டு முறையும் தடையே நல்ல விளம்பரமாக அமைந்தது. இது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

ஐரோப்பியர்கள் லேபிள் நடத்துகிறார்கள், ஆப்பிரிக்கப் பையன்கள் இசை செய்கிறார்கள். இது பழைய கதைதானே?

நியாயமான கேள்வி. எனக்கு ஒரே வரியில் பதில் இல்லை.

அவர்கள் கம்பாலாவிலேயே வாழ்கிறார்கள், ஸ்டூடியோ நடத்துகிறார்கள், கலைஞர்களைத் தங்கவைத்துப் பதிவு செய்கிறார்கள். லண்டனில் உட்கார்ந்துகொண்டு கேசட் சேகரிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் யாருடைய எந்தப் பாட்டு உலகத்துக்குப் போக வேண்டும் என்ற தேர்வு அவர்கள் காதைக் கடந்துதான் போகிறது. பல்லவி உள்ள, பாடக்கூடிய சிங்கெலி வெளியே போகவில்லை. முரட்டு, உடைந்த, வார்த்தை குறைந்த சிங்கெலி போனது. காரணம், ஐரோப்பியக் கிளப்பில் டெக்னோ கேட்டுப் பழகியவர்களுக்கு அதுதான் புதுமையாகப் பட்டது.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. இந்த ஆல்பங்களைப் பற்றி எழுதுபவர்கள் ‘பரிசோதனை இசை’, ‘எதிர்கால இசை’ என்று சொல்லிவிடுகிறார்கள். யாரும் எதையும் பரிசோதிக்கவில்லையே. ஒரு தெரு இரவு முழுக்க ஆட வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. விடியும்வரை கூட்டம் கலையாமல் இருந்தால் பாஸ், கலைந்தால் ஃபெயில். எதிர்காலம் என்பதும் அப்படித்தான். அந்தத் தெருவில் அது போன சனிக்கிழமை நடந்தது.

கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க இதே வேகம்தானா?

இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போகிறது.

வட உகாண்டாவின் குலு நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து 20 ஆண்டு அளவுக்குக் கிளர்ச்சிப் படைக்கும் அரசுக்கும் நடுவில் நசுங்கிய அச்சோலி மக்களின் ஊர். அவர்கள் கல்யாணத்தில் லரகரக என்ற ஆட்டம் உண்டு. அதற்குப் பெரிய குழு வேண்டும். போரில் நொடிந்துபோன குடும்பங்களால் அத்தனை பேரைக் கூப்பிட்டுச் சோறு போட்டுக் கூலி கொடுக்க முடியவில்லை. அப்போது லியோ பலாயெங் போன்ற புரொட்யூசர்கள் அந்தக் குழுவின் வேலையைக் கணினியிடம் கொடுத்தார்கள். ஒரு பாடகர், ஒரு கணினி, கல்யாணம் நடந்துவிடும். முன்னாள் குத்துச்சண்டை வீரரான ஒட்டிம் ஆல்ஃபா பாடிய ‘குலு சிட்டி ஆந்தம்ஸ்’ தொகுப்பு 2017-ல் வந்தது. பஞ்சத்தில் பிறந்த ஏற்பாடு என்று சொன்னால்தான் தெரியும். கேட்டால் திருவிழா.

நைரோபியின் டுமா என்ற குழு முழுக்க வேறு உலகம். மெட்டல் அலறலும் எலெக்ட்ரானிக் இரைச்சலும். டுமா என்றால் கிகுயு மொழியில் இருட்டு. 2020-ல் வந்த ஆல்பத்தை ராத்திரி தனியாகக் கேட்க நான் பரிந்துரைப்பதில்லை. எம்சி யல்லா கென்யாவில் பிறந்து உகாண்டாவில் வளர்ந்த ராப்பர், லுகாண்டா, லுவோ, சுவாஹிலி, ஆங்கிலம் என நான்கு மொழியில் வெட்டுகிறார். பல ஆண்டுகள் மேடையேறியும் கவனிப்பாரில்லாமல் இருந்தவருக்கு 2019-ல் ‘குபாலி’ ஆல்பம்தான் வழி திறந்தது.

கம்பாலாவின் நிஹிலாக்சிகா, உகாண்டாவுக்குள் இருக்கும் பழைய ராஜ்ஜியமான புகாண்டாவின் முரசுகளோடு சின்தசைசரை மோதவிடும் குழு. உகாண்டாக்காரர்களும் இங்கிலாந்துக்காரர்களும் சேர்ந்தது. 2023-ல் அவர்கள் வெளியிட்ட ‘சோர்ஸ் ஆஃப் டினையல்’ ஆல்பத்தின் கருவே விசா அலுவலகம்தான். விண்ணப்பம், காத்திருப்பு, நிராகரிப்பு. விசா கியூவில் ஃபைலோடு நின்ற எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இவர்களுக்கு இதில் வருமானம் வருகிறதா?

சொந்த ஊரில் பார்ட்டிக்கு வாசித்தும், எம்சிகளுக்குப் பீட் செய்து கொடுத்தும் சம்பாதிக்கிறார்கள். வெளிநாட்டு ரசிகரிடமிருந்து வருவது பெரும்பாலும் மேடைச் சம்பளம். அது விசாவில் போய் நிற்கிறது, மேலே சொன்னபடி.

ஸ்ட்ரீமிங் கணக்கு சோகமானது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில், 12 மாதத்தில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஒன்றும் கிடையாது. சின்னக் கலைஞர்களின் பாட்டு நிறைய அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கும். அதனால்தான் இந்த உலகம் பேண்ட்கேம்ப் தளத்தைச் சுற்றி வாழ்கிறது. அங்கே ஆல்பத்தை விலைக்கு வாங்குகிறோம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம். 5 டாலர் ஆல்பத்தில் 75 சென்ட் தளத்துக்கு. பணப் பரிமாற்றக் கட்டணம் போக மீதி லேபிளுக்கும் கலைஞருக்கும். 2022-ல் எபிக் கேம்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் அந்தத் தளத்தை வாங்கி, அடுத்த ஆண்டே சாங்ட்ராடர் என்ற இசை உரிம நிறுவனத்துக்கு விற்றது. விற்ற கையோடு ஊழியர்களில் சுமார் பாதிப் பேருக்கு வேலை போனது. எல்லாரும் ஒரே தளத்தை நம்பியிருப்பது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. மாற்று இன்னும் கண்ணில் படவில்லை.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

முதலில் ஒட்டிம் ஆல்ஃபா. மெட்டு இருக்கும், யாரையும் பயமுறுத்தாது. பிறகு பம்பா பானாவின் ‘போவா’, 2018. அதில் மக்காவேலி வரும் பாட்டுகளில் எம்சி எப்படி பீட்டின் முதுகில் சவாரி செய்கிறார் என்று கவனியுங்கள். அப்புறம் ‘சவுண்ட்ஸ் ஆஃப் சிஸ்ஸோ’. காது பழகியிருந்தால் டியூக். ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் கேட்காதீர்கள், தலைவலி வந்தால் என்னிடம் சொல்லக் கூடாது.

ஒரு சின்ன யுக்தி: வேகத்தைத் துரத்தாதீர்கள். 240 பீட் ஓடுகிறதென்றால் நான்கில் ஒன்றுக்கு மட்டும் தலையசையுங்கள். நிமிடத்துக்கு 60 ஆகிவிடும், நிதானமான நடை. அங்கே ஆடுபவர்களைப் பார்த்தால் இது புரியும். கால் மெதுவாக நகரும், இடுப்புதான் பறக்கும்.

நானும் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பு இலவசம். சேமித்த கோப்பை மறுபடி திறந்து வேலை செய்ய முடியாது என்பதால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். அதுவும் ஒரு பயிற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 220-ல் வையுங்கள். உங்கள் வீட்டு நாதஸ்வரப் பதிவிலிருந்து ஒரு நொடியை வெட்டி லூப் போடுங்கள். நான் செய்தது படுமோசமாக வந்தது, அதனால் அனுப்பவில்லை. தாளத்தை இறுக்குவது சுலபம். இறுக்கத்துக்குள் ஆட இடம் விடுவதில்தான் தோற்றேன்.

வீட்டில் ஸ்பீக்கரில் போடலாமா?

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஜே மிட்டா. மூன்றாவது பாட்டில் காலிங் பெல் அடித்தது. கீழ் வீட்டு மாமி. கோபமெல்லாம் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார்: “மிக்ஸி ஏதாவது ஜாம் ஆயிடுச்சாப்பா? எங்க வீட்டுதை வேணும்னா எடுத்துக்கோ.” அன்றிலிருந்து ஹெட்போன்.